மருமகள்கள் நிரப்பிய பாட்டில்கள்

அத்தியாயம் 11

செத்தவர்களின் முகத்தைச் சுரண்டி எடுப்பதற்கு எங்கள் மேயர் கிர்ச்சோ அன்று காலையிலேயே ஆள் அனுப்பிவிட்டார்.

போன வாரம் எங்கள் ஊர்ப் பையன் வெனெலினுக்கும் மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்ப் பெண் தெமெனுஷ்காவுக்கும் மோதிரம் மாற்றி, எல்லோரும் ஆளுக்கு ஒரு குவளை ராக்கியாச் சாராயம் குடித்து, சந்தோஷமாக வீடு திரும்பியதோடு கதையை நிறுத்தியிருந்தேன். அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

டோல்னா வெர்பா சிறுநீரக நோய்க்குப் பெயர்போன ஊர். அதனால்தான் இரண்டு வருஷமாகத் தலைநகரத்திலிருந்து பேராசிரியர் மஜாரொவ் வந்து எங்களைக் குத்திக் குத்தி ரத்தம் எடுக்கிறார். அவருடைய ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கும் வெளிநாட்டு அறக்கட்டளையின் அம்மாள் இன்று நேரில் பார்க்க வருகிறாள். அவள் பார்த்துத் தலையசைத்தால் இன்னும் ஐந்து வருஷத்துக்குப் பணம் வரும்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்துவிட்டால் வாசல் கதவில் தாள் ஒட்டுவோம். கறுப்புக் கரை, படம், பெயர், பிறந்த தேதி, போன தேதி. நாற்பதாம் நாளுக்கு ஒன்று, அரை வருஷத்துக்கு ஒன்று, பிறகு வருஷா வருஷம். மழையில் நைந்து அதுவாக விழும்வரை எதிரிகூட அதில் கை வைக்கமாட்டான். இன்று ஊராட்சி வேலையாள் சான்கோ பட்டித் தகட்டால் கரகரவென்று சுரண்டிக்கொண்டிருந்தான்.

"டேய், யார்ரா அது? கையை எடுடா!"

வீட்டுக்குள்ளிருந்து ஓடிவந்தவள் ஸ்டானிமிரா. எங்கள் ஊர் நர்ஸ். பேராசிரியரின் ப்ராஜெக்டுக்கு ரத்தமும் சிறுநீரும் சேகரித்துக் கொடுப்பவளும் அவள்தான். சான்கோ சுரண்டிக்கொண்டிருந்தது அவளுடைய அம்மா சோன்காவின் முகத்தை. அரை வருஷத் தாள் ஒட்டி நான்கு நாள்கூட ஆகவில்லை.

"என்னக்கா பண்றது, மேயர் சொல்லிட்டாரு. நோய் ஒழிஞ்ச ஊருன்னு காட்டப்போறோம், வாசலுக்கு வாசல் சாவுத் தாள் தொங்கினா நல்லாவா இருக்கும்னாரு. உங்க வீடு வேற மெயின் ரோட்ல இருக்குது. வேணும்னா பின்தெருவுல ஒட்டிக்கச் சொன்னாரு."

"எங்கம்மா என்ன பின்தெருவுலயா செத்தா?"

சான்கோ தகட்டைத் துடைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான். அவனுடைய அப்பாவின் தாளையும் அவன்தான் முதலில் சுரண்டிவிட்டு வந்திருந்தான். இப்படியும் ஒரு கூலி வேலை.

பர்வான் வெளியே வந்தார். சோன்காவின் கணவர், இரும்பு அடித்த பெரிய கை, பேச்சு குறைவு. சான்கோவின் கையிலிருந்து பாதி கிழிந்த தாளை வாங்கினார். முகவாயின் குறுக்கே ஒரு நீளக் கீறல் விழுந்திருந்தது. நீலத் தலைத்துணியும் சிரிப்பும் தப்பித்திருந்தன. ப்ராஜெக்ட் படக்காரன் எடுத்த படம் அது. வாழ்நாளில் சோன்காவுக்கு அமைந்த ஒரே நல்ல படம் என்பதால், பக்கத்தில் இருந்த தண்ணீர் வடிகட்டியை மட்டும் வெட்டிவிட்டுத் தாளில் போட்டிருந்தார்கள். பர்வான் அதைச் சுருட்டிக் கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டு உள்ளே போனார்.

கதவில் ஒட்டியிருந்த மிச்சத்தை வெனெலின் ஈரத்துணி வைத்துத் துடைத்தான். ஸ்டானிமிராவுக்கு ஒரே தம்பி. டிராக்டர் மெக்கானிக். மேயரை வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே துடைத்தான். காலை வெயில் நேராகக் கதவில் விழுந்தது. அவன் உள்ளங்கை கதவில் பதிந்திருக்க, பக்கத்திலேயே ஸ்டானிமிராவின் கையும் இருந்தது.

அவள் கை வெளுப்பு. அவன் கை பழைய செப்புக்காசின் நிறம்.

"கையைக் காட்டு."

"என்னக்கா?"

"காட்டுடா."

"கிரீஸ்க்கா. சோப்பு போட்டாலும் போக மாட்டேங்குது."

ஏப்ரன் நுனியை நனைத்துத் தேய்த்துப் பார்த்தாள். தோல் சிவந்ததே தவிர அந்த நிறம் போகவில்லை. இதே நிறத்தை அம்மாவின் உள்ளங்கையில் அவள் பார்த்திருக்கிறாள். அப்போதும் அம்மா மிளகாய்த்தூள் என்றுதான் சொன்னாள். ஸ்டானிமிரா அவன் கையை விடவில்லை.

அவள் பயந்ததற்குக் காரணம் இருக்கிறது. அதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

எங்கள் ஊரில் ஒரு வீட்டில் சிறுநீரகம் கெட்டது என்று வெளியே தெரிந்தால் அந்த வீட்டில் யாரும் பெண் எடுக்கவும் மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள். மலைக்கு அந்தப் பக்கம் இந்த நோயே கிடையாது. அங்கிருந்து கட்டிக்கொண்டு வந்த பெண்களுக்கு உடனே ஒன்றும் வருவதில்லை, பல வருஷம் எங்கள் ரொட்டியைத் தின்ற பிறகுதான் வரும். ஆகவே பேராசிரியர் சிறுநீருக்கு என்று பெயர் எழுதிய பாட்டில்களைக் கொடுத்துவிட்டுப் போனதும் ஊர் ஒரே மாதிரி யோசித்தது. யாரும் யாரிடமும் கேட்கவில்லை. வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகளுக்குக் காலையிலிருந்து குடம் குடமாகப் புதினாத் தேநீர் கொடுத்தார்கள். மாமனார் பாட்டில், மாமியார் பாட்டில், புருஷன் பாட்டில், கொழுந்தன் பாட்டில் எல்லாம் அந்தப் பெண்ணே நிரப்பினாள். பாவம், இரண்டு வருஷமாக மாதம் ஒரு நாள் எங்கள் மருமகள்கள் கழிப்பறையைவிட்டு வெளியே வந்ததில்லை.

சோன்கா வீட்டில் மருமகள் கிடையாது. அங்கே மகள்தான் நிரப்பினாள். தம்பிக்குப் பெண் பார்க்கிற நேரம், நீயே செய்துவிடம்மா என்று அம்மா கையைப் பிடித்துக் கேட்டாள். ஸ்டானிமிராவும் செய்தாள். படித்த நர்ஸ், அந்தப் பாட்டில்களின்மேல் கையெழுத்துப் போடுகிறவள், தெரிந்தே செய்தாள். ரத்தம் எடுக்கும் நாளன்று வெனெலினின் குழாயிலும் அவளுடைய ரத்தம்தான் போனது.

இப்போது பேராசிரியரின் கணக்குப்படி எங்கள் ஊரில் புதிதாக ஒருவருக்கும் நோய் இல்லை. எல்லாம் அவர் வீட்டுக்கு வீடு கொடுத்த தண்ணீர் வடிகட்டியின் மகிமையாம். அந்த வடிகட்டியில் பாதி ஊர் முட்டைக்கோஸ் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறது. மீதிப்பேர் ராக்கியா வடிக்கிறார்கள்.

ஸ்டானிமிரா நேராகப் பேராசிரியரைத் தேடிப் போனாள். நேரத்தோடு கண்டுபிடித்தால் மருந்து, உப்பு, ரத்த அழுத்தம் என்று கவனித்து நோயைப் பல வருஷம் தள்ளிப்போடலாம். வீங்கி விழுந்த பிறகு கண்டுபிடித்தால் ரத்தம் சுத்தம் செய்யும் மெஷின்தான், அதன் பிறகு கதவில் தாள்தான். இந்த இரண்டுக்கும் நடுவில் தம்பி நிற்கிறான் என்பது மட்டும்தான் அவள் தலையில் ஓடியது.

பேராசிரியர் மதுக்கடையின் பின்னறையில் உட்கார்ந்து குடல் சூப் குடித்துக்கொண்டிருந்தார். பூண்டு வினிகரைத் தாராளமாக ஊற்றியிருந்தார். அறை முழுக்க அந்த வாடை.

"வா வா ஸ்டானா. சூப் சொல்லட்டுமா?"

"வேண்டாங்க ஐயா. ஒரு தப்பு நடந்துபோச்சு."

நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். மருமகள்கள், பாட்டில்கள், தன் ரத்தம், தம்பியின் உள்ளங்கை. பேராசிரியர் கரண்டியைக் கீழே வைக்கவே இல்லை.

"தெரியுமே," என்றார்.

"என்ன தெரியும்?"

"லேப்ல ஒரு பொண்ணு போன வருஷமே கண்டுபிடிச்சிட்டா. அறுபது வயசு ஆம்பளைங்க பாட்டில்ல எல்லாம் பொம்பளை செல்லு இருக்குதாம். அதுல ஒருத்தரு கர்ப்பமாவே இருந்தாராம்!" அவர் விழுந்து விழுந்து சிரித்தார். ஒரு துண்டுக் குடல் தாடியில் தொங்கியது. அதைத் தொட்டுப் பார்த்து எடுத்து, திரும்ப வாயிலேயே போட்டுக்கொண்டார்.

ஸ்டானிமிரா எத்தனையோ புண்ணைக் கழுவியவள். அவளே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"தெரிஞ்சும் ஏங்கய்யா நிறுத்தல?"

"எதுக்கு நிறுத்தணும்? வடிகட்டி வெச்சோம், நோய் இல்ல. பணம் குடுக்கறவங்களுக்கு இப்படி ஒரு கதைதான் பிடிக்கும். வடிகட்டியால ஒன்னும் நடக்கல, கோதுமைல கலக்கற களைவிதைதான் காரணம்னு நான் போய்ச் சொன்னா எவன் பணம் குடுப்பான்? இப்ப பாரு, இன்னும் பத்து ஊருக்கு வடிகட்டி போகப்போகுது."

"அப்ப எங்க ஊருக்கு?"

"உங்க ஊருதான் குணமாயிடுச்சே."

அவள் மேசைக்கு இன்னும் பக்கத்தில் போனாள். "சரி, எப்படியோ போகட்டும். என் தம்பிக்கு மட்டும் இன்னைக்கே ரத்தம் எடுத்து முறையாப் பாத்துடுங்க. உங்க கால்ல வேணாலும் விழறேன்."

"இன்னைக்கா? விளையாடறியா? மோதிரம் மாத்தின பையனுக்குத் திடீர்னு நோய்னு ஊர் பூரா பேச்சு கிளம்பறதுக்கா? பணத்துக்குக் கையெழுத்தாகட்டும். குளிர்காலம் முடியட்டும். அப்புறம் பாக்கலாம்."

"குளிர்காலம் முடியட்டும்னு நீங்க சொல்லித்தான் எங்கம்மாவும் காத்திருந்தாங்க."

"உங்கம்மா யாரு?" என்று கேட்டார் பேராசிரியர்.

கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே அவருக்கு ஞாபகம் இல்லை. இரண்டு வருஷம் சோன்காவின் வீட்டில் உட்கார்ந்து அவள் சுட்ட பனித்சா ரொட்டியை விரல் நக்கித் தின்ற மனுஷன்.

"பாட்டில்ல கையெழுத்து உன்னுது," என்றார் வாயைத் துடைத்தபடி. "பேசறதுக்கு முன்னாடி அதை யோசிச்சுக்கோ. வேலை போகும், லைசென்ஸ் போகும். ஊருக்கு ஒரு நர்ஸ் இல்லாமலும் போகும். இந்தா, புது மக் வந்திருக்கு. இந்தத் தடவை பெரிய சைஸு."

ப்ராஜெக்டின் பெயர் அச்சடித்த பீங்கான் குவளை. ரத்தம் கொடுத்தவர்களுக்கு அவர்கள் கொடுக்கும் வெகுமதி. ஸ்டானிமிரா அதை மேசைமேலேயே விட்டுவிட்டு வெளியே வந்து, வடிகால் ஓரமாகக் குனிந்து காறித் துப்பினாள்.

வீட்டில் வெனெலின் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். வெளிநாட்டு அம்மாளுக்கு ஊர் வைக்கும் விருந்துக்குத் தெமெனுஷ்காவும் வருகிறாள்.

"சட்டையைப் போடாதே, கையை நீட்டு. நானே எடுக்கறேன். டவுன் ஆஸ்பத்திரில குடுத்துப் பாத்துடலாம்."

"எனக்கு என்னக்கா குறைச்சல்? டிராக்டர் சக்கரத்தை ஒத்தை ஆளாத் தூக்கறேன்."

"அம்மாவும் மாவு மூட்டை தூக்கினா."

"டவுன் ஆஸ்பத்திரில தெமெனுஷ்காவோட சித்தி வேலை பாக்கறா. என் பேரைப் பாத்த அன்னைக்கே விஷயம் அவங்க வீட்டுக்குப் போயிடும். நம்ம ஊருப் பசங்களைப் பத்தி அங்க என்ன சொல்றாங்கன்னு தெரியுமா? கட்டினா கல்லறைக்கும் சேத்து இடம் வாங்கி வெச்சுக்கணுமாம்." இஸ்திரிப்பெட்டியை டொக்கென்று வைத்தான். "ரெண்டு வருஷமா பாட்டில்ல என் பேரை எழுதி உன்னுதைக் குடுத்தது யாரு? நீதானே? இப்ப மட்டும் என்ன திடீர்னு நியாயம் பொத்துக்கிட்டு வருது?"

அவள் அழுதாள். அழுததற்காகத் தன்மேலேயே கோபம் வந்தது.

"தப்புதான்டா. உன்னைக் காப்பாத்தறோம்னு நெனச்சு உன்னைப் புதைச்சுட்டிருக்கோம்."

"விருந்துல என் பேரை இழுத்தே, அப்புறம் எனக்கு அக்காவே இல்லன்னு நெனச்சுக்குவேன்."

அடுப்போரம் கண்ணாடி வைத்துச் சவரம் செய்துகொண்டிருந்த பர்வான் கத்தியை நிறுத்தினார். "உங்கம்மா கேட்டா, இவ செஞ்சா, நான் பாத்துக்கிட்டு வாயை மூடிக்கிட்டிருந்தேன்," என்றார். "யாரும் யாரையும் குத்தம் சொல்லாதீங்க." மீதிக் கன்னத்தையும் சவரம் செய்துவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டார். உள்பையில் தாள் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

கிளம்பும்போது ஸ்டானிமிரா ஒரு ஊசி, ஒரு ரப்பர் பட்டை, ஒரு குழாய் மூன்றையும் பையில் போட்டாள். எதற்கு என்று அவளுக்கே தெளிவில்லை.

வாசகசாலை மண்டபத்தில் விருந்து. ரோட்டைப் பார்த்த வேலிகளுக்கு மட்டும் வெள்ளையடித்திருந்தார்கள். சிவப்புப் பாவாடை கட்டிய இரண்டு பெண்கள் வாசலில் ரொட்டியும் உப்பும் நீட்டினார்கள். வெளிநாட்டு அம்மாளின் பெயர் அன்னெலீஸ். ஒல்லி, நரைமுடி, சேற்றுக்கு ஏற்ற பூட்ஸ். ரொட்டியைப் பிய்த்து உப்பில் தொட்டு மரியாதையாகத் தின்றாள். அவளைப் பார்த்தால் திருட்டுக்கு உடந்தையாகத் தெரியவில்லை. ஆனால் எங்கள் பாஷையில் ஒரு வார்த்தை தெரியாது. ஒவ்வொன்றையும் பேராசிரியர்தான் அவளுக்கு மொழிபெயர்த்தார், பேராசிரியர் சொன்னதை மட்டும்தான் அவள் கேட்டாள்.

முன்வரிசையில் மேயர் கிர்ச்சோ கழுத்துப் பட்டியோடு நெளிந்துகொண்டிருந்தார். ஆட்டுக்குட்டி வறுவல் வாசனை உள்ளே வந்தது. தெமெனுஷ்கா பின்பக்கம் கதவோரமாக நின்றாள், பச்சைக் கோட்டு, கையில் கார் சாவி. வெனெலின் அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு, கைகளைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான்.

பேராசிரியர் மேடை விளக்கை அணைக்கச் சொன்னார். திரையில் கோடுகள் வந்தன. சிவப்புக் கோடு கீழே கீழே இறங்கித் தரையைத் தொட்டது. அன்னெலீஸ் குறிப்பெடுத்தாள். அதற்குப் பிறகு படங்கள். வடிகட்டி, கிணறு, வடிகட்டியைத் துடைக்கும் பேராசிரியர்.

அடுத்ததாக, திரை முழுக்க, நீலத் தலைத்துணியோடு சோன்கா சிரித்தாள்.

வடிகட்டியில் கை வைத்தபடி நின்றாள். பேராசிரியர் குச்சியால் அவள் கன்னத்தைத் தொட்டுக் காட்டி வெளிநாட்டு மொழியில் என்னவோ சொன்னார். முதலில் நோயாளி, இப்போது பாருங்கள் எப்படி இருக்கிறாள் என்ற தினுசில் இரண்டு கைகளையும் விரித்தார். அதைப் புரிந்துகொள்ள எங்களுக்கு மொழி தேவைப்படவில்லை.

மண்டபத்தில் இருந்த பாதிப்பேர் அந்த முகத்துக்கு மெழுகுவத்தி ஏற்றியவர்கள். சீ, இதையெல்லாம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோமே என்று இன்று நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது.

விஷயம் கெட்டுப்போகும் என்று மேயருக்குப் புரிந்துவிட்டது. குதித்தெழுந்து வெனெலினின் தோளைப் பிடித்து மேடைக்குத் தள்ளினார்.

"இதோ, அந்தம்மாவோட பையன்! பாருங்க, குதிரை மாதிரி இருக்கான்! கையைத் தூக்கிக் காட்டுறா, வெட்கப்படாதே!"

அன்னெலீஸ் எழுந்து கையை நீட்டினாள். வேறு வழியில்லாமல் வெனெலின் பாக்கெட்டிலிருந்து கையை எடுத்துக் கொடுத்தான். அவனுக்குப் பின்னால் அம்மாவின் முகம் ஆள் உயரத்துக்கு நின்றது.

ஸ்டானிமிரா எழுந்தாள். அக்கா இல்லை என்று அவன் சொன்னது காதில் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. இருந்தும் எழுந்தாள்.

"அந்தப் பொம்பளை செத்து ஆறு மாசமாச்சு," என்றாள். "சிறுநீரகம் கெட்டுத்தான் செத்தா. இவன் பேர்ல ரெண்டு வருஷமாப் போனது இவன் ரத்தமும் இல்ல, இவன் மூத்திரமும் இல்ல. எல்லாம் என்னுது. நான்தான் குடுத்தேன். நான்தான் கையெழுத்துப் போட்டேன்."

பின்வரிசையிலிருந்து ஒரு மெல்லிய குரல் வந்தது.

"எங்க வீட்ல அஞ்சு பாட்டிலும் என்னுது."

"உட்காருடி!" என்றாள் பக்கத்திலிருந்த மாமியார்.

"உட்கார மாட்டேன் அத்தை. உக்காந்து உக்காந்து ரெண்டு வருஷம் போச்சு."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அதன் பிறகு இன்னொருத்தி எழுந்தாள், "எங்க வீட்ல மாமனாருக்கு, சின்ன மாமனாருக்கு எல்லாம் நான்தான்" என்றாள். இன்னொருத்தி கையை மட்டும் தூக்கினாள். மண்டபம் கொதித்தது.

அன்னெலீஸ் பேராசிரியரிடம் என்ன என்று கேட்டாள். அவர் சிரித்த முகத்தோடு பதில் சொன்னார். அவளுக்கு அது போதவில்லை. எங்கள் பக்கம் திரும்பி, சபையையே பார்த்து ஒரு கேள்வி கேட்டாள்.

"நர்ஸ் சொல்றது நிஜமான்னு கேக்கறாங்க," என்றார் பேராசிரியர் எங்களிடம். தயங்கவே இல்லை.

நாங்கள் தலையாட்டினோம். எங்கள் நாட்டில் ஆமாம் என்பதற்குத் தலையை இடமும் வலமுமாக ஆட்டுவோம். முன்வரிசை, பின்வரிசை, மருமகள்கள், வாயைப் பொத்திக்கொண்டிருந்த மாமியார்கள்கூட, ஊரே தலையை ஆட்டியது. ஆமாம், நிஜம்தான், ஆமாம்.

பேராசிரியர் அன்னெலீஸ் பக்கம் திரும்பி, இரண்டு கைகளையும் எங்களை நோக்கி விரித்தார். பார்த்தீர்களா, ஊரே மறுக்கிறது என்று அவர் சொன்னதை அந்த அம்மாளின் முகம் எங்களுக்குக் காட்டிக்கொடுத்தது. அவள் நிம்மதியாகப் பேனாவைக் கையில் எடுத்தாள். அவள் நாட்டில் அந்த ஆட்டலுக்கு இல்லை என்று அர்த்தமாம், இதற்காகத்தான் அந்தக் கேள்வியை அவர் அவ்வளவு ஒழுங்காக மொழிபெயர்த்திருக்கிறார். எங்கள் தலையை வைத்தே எங்கள் வாயை அடைத்துவிட்டான் பாவி.

ஸ்டானிமிரா இல்லை இல்லை என்று கையை வீசினாள். அந்த அம்மாள் பரிதாபமாக அவளைப் பார்த்துப் புன்னகைத்தாள்.

அப்போதுதான் பர்வான் எழுந்தார். யாரையும் இடிக்காமல் வரிசையிலிருந்து வெளியே வந்து மேடை ஏறினார். உள்பையிலிருந்து தாளை எடுத்து முழங்காலில் வைத்து நீவி நேராக்கினார். பின்பக்கத்தில் இன்னும் கோந்து பிசுபிசுத்தது. திரையில் சிரித்த மனைவியின் முகத்துக்குப் பக்கத்தில் அதை வைத்து அந்த இரும்புக் கையால் ஓங்கி அழுத்தினார்.

அதே நீலத் தலைத்துணி, அதே சிரிப்பு. சுற்றிலும் கறுப்புக் கரை, முகவாயில் கீறல். அடியில் தேதி. எண்கள் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

அன்னெலீஸ் பேனாவை மூடினாள். மேடைக்கு வந்து தாளின் கீறலை ஒற்றை விரலால் தொட்டாள். விரலில் ஒட்டிய வெள்ளைத் தூளைப் பார்த்தாள். அது கதவுப் பெயின்ட். அதற்குப் பிறகு திரும்பி, பேராசிரியரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. மேயர் வறுவல் தயாராகிவிட்டது, வறுவல் தயாராகிவிட்டது என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

வெனெலின் அம்மாவின் இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றான். சட்டையின் பொத்தானைக் கழற்றினான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினான்.

"எடுக்கா," என்றான்.

"வெனெலின்…"

"எல்லார் முன்னாடியும் எடு. இந்தத் தடவை என்னுதை எடு."

அவள் பையிலிருந்து ரப்பர் பட்டையை எடுத்துக் கட்டி, ஊசியைக் குத்தினாள். குழாயில் ரத்தம் ஏறுவதை ஊரே பார்த்தது. மூடியை அழுத்தி, பெயரை எழுதி, உயரத் தூக்கிக் காட்டினாள்.

பேராசிரியருக்கு இப்போது குரல் வந்துவிட்டது. இனி மறைக்க ஒன்றுமில்லை என்ற ஆத்திரத்தில் எங்கள் பாஷையிலேயே கத்தினார். "நல்ல நாடகம்! யாரு டவுனுக்குக் கொண்டுபோய்க் குடுப்பா இதை? நீயா? ரெண்டு வருஷமா மாத்தி மாத்திக் குடுத்தவ நீ. உங்கப்பாவா? இவங்கள்ல ஒருத்தரா? வழியில எந்த மருமகள் ரத்தம் உள்ள போகும்னு யாருக்குத் தெரியும்? இந்த ஊர்ல எவன் கொண்டுபோனாலும் நான் ஒத்துக்க மாட்டேன். யாரும் ஒத்துக்க மாட்டாங்க."

சொன்னது அசிங்கமான மனுஷன்தான். ஆனால் சொன்னதில் பொய் இல்லை. ஸ்டானிமிரா குழாயைக் கையில் வைத்துக்கொண்டு வரிசை வரிசையாக எங்களைப் பார்த்தாள். எல்லோரும் தலை குனிந்தோம்.

கதவோரத்திலிருந்து காலடிச் சத்தம் வந்தது. தெமெனுஷ்கா நடுவழியாக நடந்து வந்தாள். மேடைக்குக் கீழே நின்று வெனெலினின் உள்ளங்கையைப் பார்த்தாள். அவன் மறைக்கவில்லை.

"குடுங்க அண்ணி," என்று இடது கையை நீட்டினாள். "கார் இருக்கு, நான் கொண்டுபோறேன். நான் இன்னும் இந்த ஊரு ஆகலையே."

ஸ்டானிமிரா குழாயைக் கொடுத்தாள். தெமெனுஷ்காவின் மோதிரம் போட்டிருந்த வலது கை பச்சைக் கோட்டின் பாக்கெட்டுக்குள்ளேயே இருந்தது. மோதிரம் தெரிகிறதா என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் கதவைத் தாண்டிப் போகும்வரை அந்தக் கையை வெளியே எடுக்கவே இல்லை.